சொல்லாமல் விட்டது எந்திரத்துக்குத் தெரியாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். எவ்வளவு நேரம் என்றேன். "மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 20 நிமிஷம்" என்றார். பசி வேளையில் பெரிய தத்துவம் பேசினால் யார் காதிலும் ஏறாது. ஆகவே உலகம் எங்கே போகிறது என்ற கேள்வியை எனக்குப் பின்னால் பேச வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, என் தினப்படி வேலையில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். ஏஜென்ட் என்று சொல்லப்படும் செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு நாம் ஒரு கருவியைக் கொடுக்கும்போது, அந்தக் கருவியைப் பற்றி நாலைந்து வரி எழுதித் தர வேண்டியிருக்கிறது. அந்த வரிகளை எப்படி எழுதுவது? இதுதான் இன்றைய பேச்சு.

"நாலு வரிக்கு ஒரு பேச்சா?" என்று பின் வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பொறுங்கள். அந்த நாலு வரி சரியில்லை என்றால், 500 ரூபாய் திரும்பி வர வேண்டியவருக்கு 5 ரூபாய் வரும். ஊருக்குப் போக வண்டியே இல்லை என்று ஒரு குடும்பம் நம்பிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

ஏஜென்ட்டும் கருவியும்

கம்ப்யூட்டர் துறை அல்லாத நண்பர்களும் இருப்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். இன்று எல்லோரும் பேசுகிற மொழி மாடலுக்கு, தன்னந்தனியாக விட்டால், ஒரே ஒரு வேலைதான் தெரியும். எழுத்தைப் படிக்கும், எழுத்தை எழுதும். அதனால் டிக்கெட் எடுக்க முடியாது, பணம் அனுப்ப முடியாது, உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. கை கால் இல்லாத புத்திசாலி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அதற்குக் கை கால் கொடுப்பதுதான் கருவி. நாம் ஒரு சிறு நிரல் எழுதுகிறோம். அதன் பெயர் இது, இது இன்ன வேலை செய்யும், இதற்கு இன்னின்ன விவரம் தேவை என்று ஒரு குறிப்பு எழுதி மாடலிடம் கொடுக்கிறோம். பயனாளி ஏதாவது கேட்டால், மாடல் அந்தக் குறிப்புகளைப் படித்து, "இந்தக் கருவியை இந்த விவரங்களோடு இயக்கு" என்று எழுதித் தருகிறது. இயக்குவது நம் நிரல். வந்த விடையை மறுபடி எழுத்தாக மாடலுக்குக் காட்டுகிறோம். அதைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று அது முடிவு செய்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வேலையை முடிப்பதற்குப் பெயர்தான் ஏஜென்ட். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாடல்களுக்கு இந்த வசதியை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம், யார் எழுதிய கருவியையும் எந்த ஏஜென்ட்டோடும் இணைக்க எம்.சி.பி. என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. அதன் பிறகு கருவிகள் மழைக்குப் பிந்திய காளான் மாதிரி பெருகிவிட்டன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் எழுதிய நிரலின் உட்புறம் மாடலின் கண்ணுக்குத் தெரியாது. பெயர், குறிப்பு, உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய இவை மட்டுமே தெரியும். தாலுகா அலுவலகத்துக்கு முதல் தடவையாகப் போகிறவர் ஜன்னல்களுக்கு மேலே தொங்கும் பலகையைப் பார்த்துத்தானே வரிசையில் நிற்கிறார்? பலகையில் "விண்ணப்பங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் பட்டாவுக்கு வந்தவரும் அங்கேதான் நிற்பார், சாதிச் சான்றிதழுக்கு வந்தவரும் அங்கேதான் நிற்பார். நமக்காவது பக்கத்தில் நிற்கிற பெரியவரிடம், "ஐயா, இது எதுக்கான வரிசை?" என்று கேட்க முடியும். மாடலுக்குப் பக்கத்தில் பெரியவர் இல்லை. அது பயனாளியைக் கேட்கலாம். ஆனால் உங்கள் கருவியின் சங்கதி பயனாளிக்கு என்ன தெரியும்?

மனித எஞ்சினியருக்கும் நாம் ஆவணம் எழுதித்தான் வந்திருக்கிறோம். அது அரைகுறையாக இருந்தாலும் காலம் ஓடியது. காரணம், அவர் இரண்டு தடவை முயன்று பார்ப்பார், சீனியரை ஒரு டீக்கு அழைத்துப் போய்க் கேட்பார், மூன்றாம் நாள் எல்லாம் பிடிபட்டுவிடும். ஏஜென்ட்டுக்கு மூன்றாம் நாள் கிடையாது. நாம் ஏற்பாடு செய்து வைத்தாலொழிய, ஒவ்வொரு உரையாடலும் அதற்கு வேலையில் சேர்ந்த முதல் நாள். நேற்று பட்ட அனுபவம் இன்றைக்கு உதவாது. ஆகவே அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் எழுதி வைக்காத சங்கதிகளை எழுத்தில் கொண்டுவர வேண்டும். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வாக்கியம்தான். மற்றவை எல்லாம் இதற்கு உதாரணம்.

ஒரு ரயில் கருவி

பயணிக்கு வண்டி தேடித் தரும் ஒரு கருவியைக் கற்பனை செய்வோம். அவசரத்தில் எழுதினால் குறிப்பு இப்படி இருக்கும்: "ரயில் விவரம் தரும். உள்ளீடு: புறப்பாடு, சேருமிடம், தேதி." எழுதியவருக்கு இது போதும். அவருக்குத்தான் உள்ளே இருப்பது தெரியுமே!

இப்போது ஒரு பயணி, "சென்னையிலிருந்து மதுரைக்கு" என்கிறார். ரயில்வேயில் நிலையங்களுக்குக் குறியீடு உண்டு. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., எழும்பூருக்கு எம்.எஸ்., தாம்பரத்துக்கு டி.பி.எம். சென்ட்ரலின் பெயர் 2019இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயருக்கு மாறியது. மெட்ராஸ் காலத்துக் குறியீடு மட்டும் மாறவில்லை. குறிப்பில் ஒன்றும் சொல்லாததால் மாடல் "சென்னை" என்று அனுப்பலாம், பிரபலமானது என்று சென்ட்ரலின் குறியீட்டை அனுப்பலாம். தெற்கே போகும் பல வண்டிகள் எழும்பூரிலிருந்து கிளம்புகின்றன என்பது நமக்குப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரியும். கருவிக்குக் கொடுத்த குறியீடு வேறாக இருந்தால் அந்த வண்டிகள் பட்டியலில் வராது.

அடுத்து, தேதி. "05-06" என்று அனுப்பினால் ஜூன் 5 ஆ, மே 6 ஆ? நம்மூர் வழக்கம் ஒன்று, அமெரிக்க வழக்கம் இன்னொன்று. மாடல் இரண்டையும் படித்து வளர்ந்த பிள்ளை.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பயணி 3 மாதம் கழித்து ஒரு நாளுக்குக் கேட்கிறார். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே அந்தத் தேதிக்கு முன்பதிவு இன்னும் திறக்கவில்லை. கருவி ஒரு காலிப் பட்டியலைத் திருப்பித் தருகிறது. காலி என்றால் என்ன பொருள் என்று குறிப்பில் இல்லை. மாடல் நல்ல தமிழில், மரியாதையாக, "மன்னிக்கவும், அந்த நாளில் மதுரைக்கு ரயில் இல்லை" என்கிறது. பிழைச் செய்தி வந்திருந்தால்கூடப் பயணி சந்தேகப்பட்டிருப்பார். இது சந்தேகமே வராத பதில். அவர் பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு கொடுத்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்.

இதே கருவிக்குக் கொஞ்சம் மெனக்கெட்டு எழுதினால் இப்படி வரும்:

"இரண்டு ரயில் நிலையங்களுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட தேதியில் ஓடும் நேரடி வண்டிகளையும், ஒவ்வொரு வகுப்பிலும் உள்ள இடநிலவரத்தையும் தரும். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி மூன்றும் தெரிந்த பிறகே அழைக்கவும். இது டிக்கெட் பதிவு செய்யாது. ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டின் நிலையை அறிய இதைப் பயன்படுத்த வேண்டாம். 10 இலக்க பி.என்.ஆர். எண் கேட்கும் கருவி தனியே உண்டு. நிலையங்களைக் குறியீட்டால் தரவும். பயணி 'சென்னை' என்று மட்டும் சொன்னால் எம்.ஏ.எஸ்., எம்.எஸ்., டி.பி.எம். மூன்றுக்கும் தனித்தனியே தேடவும். தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், எடுத்துக்காட்டு: 2026-01-14. முன்பதிவு திறக்காத தேதிக்கு வண்டிப் பட்டியல் வரும், இடநிலவரத்தில் 'இன்னும் திறக்கவில்லை' என்று இருக்கும். இதை 'இடமில்லை' என்று பயணியிடம் சொல்லக் கூடாது."

இதில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தபோது கருவியையே திருத்த வேண்டியதாயிற்று. காலிப் பட்டியல் தந்துகொண்டிருந்த நிரல் இப்போது காரணத்தையும் சேர்த்துத் தருகிறது. எழுத முடியாமல் தடுமாறுகிறோம் என்றால், பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்கும். இரண்டு, "60 நாள்" என்ற எண்ணைக் குறிப்பில் எழுதவில்லை. நாளைக்கே ரயில்வே அதை மாற்றலாம். மாறக்கூடிய எண் கருவியின் விடையில் வரட்டும், மாறாத வழக்கம் குறிப்பில் இருக்கட்டும்.

பவணந்தியார் வைத்த பெயர்கள்

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு நன்னூல் ஞாபகம் இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றங்கள் 10, இருக்க வேண்டிய அழகுகள் 10 என்று பட்டியல் போட்டிருக்கிறார். தமிழன் அன்றே எல்லாம் சொல்லிவிட்டான் என்று முழங்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. பவணந்தியார் கம்ப்யூட்டரைக் கண்டவர் அல்லர். ஆனால் தினமும் நான் பார்க்கிற மோசமான குறிப்புகளின் கோளாறுகளுக்கு அவர் வைத்த பெயர்கள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகின்றன. 10இல் 5 மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, குன்றக் கூறல். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. ஸ்ட்ரைப், ரேசர்பே போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளில் தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கொடுக்க வேண்டும். அதாவது 500 ரூபாய் என்றால் பைசாக் கணக்கில் 50000. உங்கள் கருவிக் குறிப்பில் "தொகை" என்று ஒரே சொல் இருந்தால் மாடல் 500 என்று அனுப்பும். வாடிக்கையாளருக்கு 5 ரூபாய் போய்ச் சேரும். "எப்போதும் 100ஆல் பெருக்கு" என்று எழுதினாலும் சரிப்படாது. ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகு புழக்கத்தில் இல்லை, குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். அலகையும் ஓர் உதாரணத்தையும் சேர்த்து எழுதுவதுதான் வழி.

அலகு சொல்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலையில் கனடாவில் நடந்தது சாட்சி. ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 விமானம் கிலோ கணக்கில் எரிபொருள் கேட்டது. லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணை எடுத்துப் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டு என்பதற்கான எண். கிலோவுக்கு அது ஏறக்குறைய 0.8. 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் அதில் பாதிக்கும் குறைவாக ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானி கிளைடர் மாதிரி மிதக்க விட்டு கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை. அங்கே கணக்குப் போட்டவர்கள் அனுபவசாலிகள், மனிதர்கள். அவர்களுக்கே ஓர் எண்ணின் பக்கத்தில் அலகு தெளிவாக இல்லாததால் இந்தக் கதி என்றால், எந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

நம்மூருக்கே உரிய குன்றக் கூறல் ஒன்று உண்டு. உள்ளீட்டில் "குடும்பப் பெயர்" கட்டாயம் என்று போட்டுவிடுவார்கள். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? இனிஷியல்தான் இருக்கிறது. குறிப்பில் வழி சொல்லாவிட்டால் மாடல் அந்தக் கட்டத்தை எதையாவது வைத்து நிரப்பும். அப்பா பெயரைப் போடும், அதே பெயரை இரண்டு தடவை போடும், இனிஷியலை விரித்துத் தானாக ஒரு பெயர் வைத்தாலும் வைக்கும். அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப் போகாமல் விமான நிலையத்தில் நிற்கப் போவது நாம்தான். "குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு இக்கட்டத்தைக் காலியாக விடவும், பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே தரவும், ஊகித்து நிரப்ப வேண்டாம்" என்று இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது.

இரண்டாவது, மயங்க வைத்தல். படிப்பவருக்கு இதுவா அதுவா என்ற குழப்பம் வரும்படி எழுதுவது. ஒரு கடையின் ஏஜென்ட்டுக்கு "ஆர்டர் ரத்து", "ஆர்டர் திருப்பம்" என்று இரண்டு கருவிகள். இரண்டிலும் "வாடிக்கையாளருக்குப் பொருள் வேண்டாம் என்றால் பயன்படுத்தவும்" என்று எழுதியிருந்தால் மாடல் எதை எடுக்கும்? "பொருள் கிடங்கைவிட்டுக் கிளம்பும் முன் ரத்து, கையில் கிடைத்த பின் திருப்பம்" என்று எல்லைக் கல் நட வேண்டும். எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதோடு, எப்போது கூடாது, அப்போது எந்தக் கருவி என்பதையும் எழுதுங்கள். என் அனுபவத்தில் அதிகப் பலன் தரும் வாக்கியம் இதுதான். பலரும் எழுதாமல் விடுவதும் இதுதான்.

மூன்றாவது, மாறுகொளக் கூறல். முன்னுக்குப் பின் முரண். கருவியின் பெயர் "வாடிக்கையாளரைப் பார்" என்றிருக்கும். உள்ளே அது முகவரியைத் திருத்தும். விளக்கத்தில் தேதி நாள்-மாதம்-ஆண்டு என்றிருக்கும், உதாரணத்தில் ஆண்டு முதலில் நிற்கும். உள்ளீட்டின் பெயர் "பயனாளர்" என்றிருக்கும், வேண்டுவதோ பயனாளர் எண். "பயனாளர்_எண்" என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

நான்காவது, மிகைபடக் கூறல். மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதக் கிளம்பாதீர்கள். மாடல் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கொள்ளும் எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. 40 கருவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்றால், பயனாளி வாயைத் திறப்பதற்கு முன்பே 40 பக்கம் ஏறிவிடும். "அதிநவீன, ஆற்றல்மிக்க" என்ற விளம்பரச் சொற்களை முதலில் வெட்டுங்கள். மாடல் உங்கள் கருவியை விலைக்கு வாங்கப் போவதில்லை. ஒரு கருவிக்குக் குறைந்தது 3, 4 வாக்கியமாவது எழுதுங்கள் என்று ஆந்த்ராபிக் தன் வழிகாட்டியில் சொல்கிறது. சிக்கலான கருவிக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம்.

ஐந்தாவது, மற்றொன்று விரித்தல். எடுத்துக்கொண்டதை விட்டு வேறொன்றைப் பேசுவது. "இது எந்த டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது, எந்தக் குழு எழுதியது, எப்போது புதிய பதிப்புக்கு மாற்றினோம்" என்றெல்லாம் வரலாறு எழுதுவார்கள். நம் பெருமை நமக்கு. மாடலுக்குத் தேவை: எப்போது கூப்பிடுவது, என்ன கொடுப்பது, என்ன வரும், அதற்கு என்ன பொருள்.

எழுதுவதா, மாற்றுவதா?

சில தவறுகளை எவ்வளவு எழுதினாலும் தடுக்க முடியாது. 2024 டிசம்பரில் ஆந்த்ராபிக் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்றில் நல்ல உதாரணம் இருக்கிறது. நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். அது ஓர் அடைவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்த பிறகு, கோப்பின் பாதையைச் சார்பு முறையில் தவறாகக் கொடுத்தது. "இப்போது எங்கே இருக்கிறாய் என்று பார்த்துக்கொள்" என்று உபதேசம் செய்யலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எப்போதும் வேரிலிருந்து முழுப் பாதையைத்தான் கொடுக்க வேண்டும் என்று கருவியையே மாற்றினார்கள். தவறு நின்றது. அந்த வேலையில், மாடலுக்கான பொதுவான கட்டளைகளைவிடக் கருவிகளைச் செப்பனிடத்தான் அதிக நேரம் செலவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். மூன்று ஊசி பிளக்கைத் தலைகீழாகச் செருக முடியாது அல்லவா? அந்த மாதிரி.

இன்னொரு பக்கம், எழுத்தாலேயே தீர்ந்த கதையும் உண்டு. 2025இல் அவர்கள் வலைத் தேடல் கருவியைக் கொடுத்தபோது, மாடல் தேவையில்லாமல் ஒவ்வொரு தேடலிலும் "2025" என்று ஆண்டைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. விடைகள் கெட்டன. கருவியின் குறிப்பைத் திருத்தினார்கள், சரியானது.

இந்த இரண்டையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மாடல் என்ன செய்தது என்ற பதிவை உட்கார்ந்து படித்தார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் கருவிக்கு வரக்கூடிய 20 கேள்விகளை மக்கள் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள். "தீபாவளிக்கு மொத நாள் நைட்டு ஊருக்கு", "அடுத்த வெள்ளி ரெண்டு பெரியவங்க ஒரு குழந்தை", இப்படி. ஓட விடுங்கள். எந்தக் கருவியை எடுத்தது, என்ன விவரம் கொடுத்தது என்று வரி வரியாகப் பாருங்கள். குறிப்பில் ஒரு வரி மாற்றுங்கள். மறுபடி அதே 20. நிரல் மாறும் அன்றைக்கே குறிப்பும் மாற வேண்டும். பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம்.

பலகை பூட்டு ஆகாது

இப்போது எச்சரிக்கையாக இரண்டு வார்த்தை. பார்க்க மட்டும் செய்கிற கருவி வேறு. அழிக்கிற, பணம் அனுப்புகிற கருவி வேறு. எம்.சி.பி. விதிமுறையில், "இது படிக்க மட்டும்", "இது அழிக்கக்கூடியது" என்று கருவிக்கு அடையாளக் குறி போட வசதி இருக்கிறது. போடுங்கள். குறிப்பிலும், "இதைத் திரும்பப் பெற முடியாது, பயனாளியிடம் தொகையையும் பெயரையும் சொல்லி ஒப்புதல் வாங்கிய பின்பே அழைக்கவும்" என்று எழுதுங்கள். அதோடு நிற்காதீர்கள். "அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்ற பலகை, பூட்டு ஆகாது. ஒப்புதல் இல்லாமல் வந்த அழைப்பை மறுக்கும் வேலையை நிரலுக்குள் வையுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை, பிறர் எழுதிய கருவிகளை இறக்கி இணைப்பவர்களுக்கு. குறிப்பை மாடல் நம்பிப் படிக்கிறது என்பதையே திருடனும் பயன்படுத்தலாம். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற குழு இதைச் செய்து காட்டியது. பார்வைக்கு இரண்டு எண்ணைக் கூட்டும் சாதாரணக் கருவி. அதன் குறிப்புக்குள், பயனாளியின் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து ஓர் உள்ளீடாகச் சேர்த்து அனுப்பும்படி மாடலுக்கு ஒரு கட்டளை ஒளிந்திருந்தது. பயனாளியின் திரையில் அது சுருக்கமாக, நல்ல பிள்ளையாகத் தெரிந்தது. மாடல் முழுவதையும் படித்து அப்படியே செய்தது. கூட்டல் கருவிக்கு எதற்கு என் கோப்பு என்று கேட்க மனிதன் ஒருவன் அந்தக் குறிப்பை முழுக்கப் படித்திருக்க வேண்டும். ஆகவே எழுதுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, பிறர் எழுதியதைப் படிப்பதற்கும் அவ்வளவு வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

நம் துறையில் ஒரு பழக்கம் உண்டு. நிரல் எழுதுவது வீரம், ஆவணம் எழுதுவது கடைசி நாள் தலைவலி. புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் தலையில் அதைக் கட்டிவிடுவோம். ஆனால் பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது, கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரிலேயே அதன் கையேட்டையும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று தலைப்புகள். அவற்றில் ஒன்று, "பிழைகள்". எங்கள் கருவி இந்த இடத்தில் சரியாக வேலை செய்யாது என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது. 50 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வடிவம் உயிரோடு இருக்கிறது.

நீங்களும் அந்த வடிவத்தைத் தினமும் பார்க்கிறீர்கள். லேப் ரெக்கார்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முன்னெச்சரிக்கை, முடிவு என்று எழுதுகிறீர்களே, அதுவும் இதே குடும்பம்தான். (சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்கள் கை தூக்க வேண்டாம். மேடையில் இருக்கிற என் வகுப்புத் தோழர்கள் உட்பட.) ஆனால் காப்பி அடித்த செய்முறையில் ஒன்று இருக்காது: அந்தப் பரிசோதனை எந்த இடத்தில் காலை வாரும் என்பது. செய்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

"இனி நிரலையும் மாடலே எழுதிவிடும், எங்களுக்கு என்ன வேலை?" என்று காலையில் தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கவலை. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தினமும் கண்ணால் காண்கிறேன். கருவிக் குறிப்பை மாடலே எழுதித் தரும், அழகாகவும் எழுதும். ஆனால் எழும்பூர், சென்ட்ரல் வித்தியாசமும், இனிஷியல் பிரச்சினையும், அந்த நிறுவனத்தில் "ரத்து" என்றால் என்ன பொருள் என்பதும் எங்கும் எழுதப்படாமல் மனிதர்களின் தலைக்குள் இருக்கின்றன. கவுன்ட்டரில் உட்காரும் குமாஸ்தாவிடமும், கிடங்கில் நிற்கும் மேஸ்திரியிடமும் போய் உட்கார்ந்து, "அண்ணே, இந்த மாதிரி வந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டு, அதைத் தெளிவான வாக்கியமாக எழுதுகிறவர் ஒருவர் வேண்டும். எழுதியது தவறானால் அதன் பலனை அனுபவிப்பவர் யாரோ ஒரு பயணி, யாரோ ஒரு வாடிக்கையாளர். எழுதியவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். அந்தப் பொறுப்புணர்வோடு எழுதுவதும் எஞ்சினியரிங்தான்.

பேராசிரியர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட்டோடு, தாம் செய்த கருவிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். அதை வேறு துறை மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல், அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கருவியை இயக்க வேண்டும். இயக்க முடிந்தால் முழு மதிப்பெண். முன்னாள் மாணவர்களில் என்னைப் போல நாலைந்து பேர் வந்து அந்தப் பக்கங்களைப் படித்துக் கருத்துச் சொல்லத் தயாராக இருக்கிறோம். சங்கச் செயலாளர் தலையசைக்கிறார், ஆகவே இது பதிவாகிவிட்டது.

செயலாளர் கைக்கடிகாரத்தையும் பார்க்கிறார். மிகைபடக் கூறல் என்ற குற்றம் என் மேலும் வரும் முன் நிறுத்திக் கொள்கிறேன்.